தாளில் இருப்பது மட்டும்

சட்டம் படிப்பதற்கான நுழைவுத் தேர்வில் நான் ஒருமுறை தோற்றபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது. இன்னொரு முறை எழுதலாம், அதிலும் தேறாவிட்டால் மூன்றாவது வாய்ப்புக் கிடையாது என்று கல்லூரிக் கடிதத்தில் போட்டிருந்தார்கள்.

பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்கள் வயதையும் செய்த வேலைகளையும் காட்டி அந்தத் தேர்வை எழுதலாம். வேலைகளுக்கு என்னிடம் குறைவில்லை. இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டோடு படிப்பு நின்றது. மெர்போக் பக்கம் செம்பனைக் குலை வெட்டினேன். யான் என்ற ஊரின் படகுத்துறையில் மீனுக்கு ஐஸ் கொட்டினேன். நெல் அறுக்கும் இயந்திரத்தின் பின்னால் மூட்டை பிடித்தேன். தாய்லாந்து எல்லைவரை போகும் லோரியில் உதவியாளாக இருந்தேன். ஜொகூரில் கட்டட வேலை, பிறகு குருண் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் காவல். எதிலும் மூன்று வருடம் தாண்டியதில்லை. யாரும் விரட்டவில்லை. ஒரு நாள் காலையில் பையை எடுத்துக்கொள்வேன், அவ்வளவுதான். விண்ணப்பத்தில் வேலைகளை எழுத விட்டிருந்த இடம் போதாமல் தனித்தாள் ஒன்றை இணைத்தேன்.

தேர்வை மலாயில் எழுதினேன். மொழிப் பகுதியில் தேறினேன். பொது அறிவில் நல்ல புள்ளிகளே வந்தன. தர்க்கப் பகுதியில் விழுந்தேன்.

அப்போது குருணில் ஒரு மளிகைக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். முன்பக்கம் அரிசி, பருப்பு, எண்ணெய். இடப்பக்க அலமாரி முழுக்கப் பூஜைப் பொருள். முதலாளி ஒரு அக்கா. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். கணவர் இறந்த பிறகு இருபது வருடமாகத் தனியாகக் கடையை நடத்துகிறார். ஆறாம் வகுப்புவரை படித்தவர். பின்னறையில் என்னைத் தங்கச் சொல்லியிருந்தார்.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டுக்குப் பொருள் வாங்க வருபவரிடம் எதற்கு என்று கேட்கக் கூடாது. வருபவரும் சொல்ல மாட்டார். இரண்டு மூன்று பொருளின் பெயரை மட்டும் சொல்லுவார். நல்லெண்ணெய் என்பார், சீயக்காய் என்பார். கண் வேறெங்கோ இருக்கும். மிச்சத்தை அக்காவே எடுத்து வைப்பார். வெள்ளைத் துணி, பச்சரிசி, நெல்பொரி, கற்பூரம், பன்னீர், வறட்டி, மண்சட்டி. எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றி வெள்ளை நூலால் கட்டுவார். கலர் பை கொடுக்க மாட்டார். "மறுபடி வாங்க" என்று சொல்ல மாட்டார். வந்தவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதை எனக்குச் சொன்னார்.

"அவுங்க வாயால சொல்ல வைக்கக் கூடாது தம்பி. அத சொல்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு அவுங்களுக்கு."

ஒரு வருடத்தில் எனக்கும் அது பழகிவிட்டது.

இந்தத் தேர்வைப் பற்றி எனக்குச் சொன்னவர் சுங்கை பட்டாணியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் பெண். கத்தோலிக்கர். கல்லறையில் ஏற்றுவதற்கு மெழுகுவர்த்தி வாங்க எங்கள் கடைக்கு வருவார். நான் தோற்றதைக் கேட்டதும் கேள்விப் புத்தகம் ஒன்றின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். பாதிப் பக்கங்களில் எழுத்து மங்கலாக இருந்தது. பின்பாதிக் கேள்விகளுக்கு விடையே இல்லை. அந்தப் பக்கங்களை யாரோ நகலெடுக்க மறந்திருந்தார்கள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் அவர். "தாள்ல இருக்கறது மட்டும். உங்களுக்குத் தெரிஞ்சத வீட்லயே வச்சிட்டு வாங்க."

எனக்குத் தெரிந்ததுதான் என்னிடம் இருந்தது. அதை வீட்டில் வைத்துவிட்டால் மிச்சம் என்ன என்று யோசித்தேன்.

வாடிக்கையாளர் குறைந்த மதிய நேரத்தில், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு படித்தேன். மலாயில் இருக்கும் கேள்வியைத் தமிழில் அக்காவுக்குச் சொல்லுவேன். அப்படிச் சொல்லும்போதுதான் எனக்கே விளங்கியது.

"எல்லா மீனவர்களுக்கும் நீந்தத் தெரியும். ஒருத்தனுக்கு நீந்தத் தெரியும். அப்ப அவன் மீனவனா?"

அக்கா பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். "யாருலா எழுதுனது இத?"

"தெரியாதுக்கா."

"யான் பக்கமே வந்திருக்க மாட்டான். அங்க பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. கேட்டா, தெரிஞ்சா ரொம்ப நேரம் அவதிப்பட்டுச் சாவணும்னு சொல்றாங்க."

அது உண்மை. படகுத்துறையில் என்னோடு இருந்த மூன்று பேருக்கு நீச்சல் தெரியாது. முதல் தேர்வில் இப்படிப்பட்ட கேள்விகளில்தான் நான் விழுந்தேன். கேள்வியோடு சண்டை போட்டேன். மீனவர்களுக்கு நீந்தத் தெரியும் என்று அவன் சொன்னால், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அதற்கேற்ற விடையைத் தேடினேன்.

"அவன் சொல்றத உண்மைன்னு வச்சுக்கணும்க்கா. அதுக்கப்புறம் வர்றதத்தான் பார்க்கணும்."

"பொய்ய உண்மைன்னு வச்சுக்கிட்டுப் பேசுனா அவன் என்ன லாயரு?"

"அவன்தான்க்கா லாயரு."

அக்கா சிரித்ததில் தராசுத் தட்டு ஆடியது. மறுபடி நிறுக்க வேண்டியதாயிற்று.

வரிசைக் கேள்விகள் எனக்கு எளிதாக வந்தன. ஆறு பேர் ஒரு பெஞ்சில் உட்காருகிறார்கள், இவருக்குப் பக்கத்தில் அவர் உட்கார மாட்டார், இன்னொருவர் ஓரத்தில்தான் இருப்பார் என்றெல்லாம் வரும். மற்றவர்கள் இதில்தான் திணறுவார்கள் என்று குமாஸ்தாப் பெண் சொன்னார். எனக்கு அது லோரி. முதலில் இறங்க வேண்டிய சரக்கைக் கடைசியில் ஏற்ற வேண்டும். கனமானது கீழே போகும், முட்டையின் மேல் எதுவும் வரக் கூடாது, உரத்தின் பக்கத்தில் மாவு கூடாது. கிட்டத்தட்ட மூன்று வருடம் அதைத்தான் செய்திருந்தேன். கல்லா மேசையில் பொருள்களை வைத்து விளையாடுவேன். கற்பூரப் பெட்டி முதல் ஆள், ஊதுவத்தி இரண்டாவது ஆள், மஞ்சள் பொட்டலம் மூன்றாவது. ஒருமுறை நாலாவது ஆளுக்கு எங்கும் இடமில்லாமல் நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அக்கா கையை நீட்டி அந்த ஆளை எடுத்து ஒரு வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டார். குங்கும டப்பி.

"அக்கா, அது என் ஆளு."

"வித்தாச்சு. வேற ஆள உட்கார வை."

என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது வேறொரு கேள்வி. உறுப்பினர் அட்டை இல்லாத எவரும் நூலகத்தில் நூல் இரவல் பெற முடியாது. ஒருத்தியிடம் அட்டை இருக்கிறது. ஆகவே அவள் நூல் இரவல் பெற முடியும். இந்த முடிவு சரியா? சரி என்று எழுதினேன். விடைப் பகுதியில் தவறு என்று இருந்தது. நகலெடுத்ததில் பிழை என்று நினைத்தேன். அடுத்த மூன்று கேள்விகளும் அதே மாதிரி. மூன்றிலும் சரி என்று எழுதினேன். மூன்றும் தவறு.

மூன்றாம் நாள் காலை அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது பெரட்டு ஞாபகத்துக்கு வந்தது. நான் பிறந்த தோட்டம் மெர்போக் பக்கம் இருந்தது. விடியும் முன்னே தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். அதற்கு வராதவருக்கு அன்று வேலை கிடையாது. அம்மா ஒரு நாளும் தவறியதில்லை. ஆனாலும் எத்தனையோ நாள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மழை என்பார்கள், இன்று ஆள் போதும் என்பார்கள். வராதவளுக்கு வேலை இல்லை. வந்தவளுக்கு வேலை உண்டு என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்கு இதைப் புரிந்துகொள்ள நூலகமும் அட்டையும் தேவைப்பட்டன.

மூட்டையைப் போட்டுவிட்டுப் பின்னறைக்குப் போனேன். என் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் அப்பாவின் தாள் ஒன்று இருந்தது. எத்தனையோ ஊர் மாறியும் அது என்னோடு வந்திருந்தது.

தோட்டம் கைமாறியபோது ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்த தாள் அது. அப்போது எனக்குப் பதினான்கு வயது. புதிதாக வீடுகள் கட்டப்போவதாகப் பேச்சு இருந்தது. மலாயில் இருந்த தாளை, வேலையை மேற்பார்க்கும் தண்டல் எல்லோருக்கும் தமிழில் படித்துச் சொன்னார். இந்த மாத இறுதிக்குள் வீட்டைக் காலி செய்யாத தொழிலாளர் எவரும் புதிய வீட்டுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்பட மாட்டார் என்பதுதான் அதில் இருந்தது. சரியாகத்தான் படித்தார். கேட்டவர்கள் எல்லோரும், காலி செய்தால் வீடு என்று எடுத்துக்கொண்டார்கள். தண்டலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அவரும் காலி செய்தார்.

அப்பா நான்கு நாள் முன்னதாகவே காலி செய்தார். வீட்டைக் கூட்டிக் கழுவி, கால்சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போய்ச் சாவியைக் கொடுத்தார். தெரிந்தவர் ஒருவர் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் குடியேறினோம். தோட்டத்துக்கு வந்த பள்ளி பஸ் அங்கே வரவில்லை. கொஞ்ச நாள் நடந்து போனேன். பிறகு போகவில்லை. புதிய வீடுகள் கட்டப்பட்டன. எங்கள் வரிசையிலிருந்து யாருக்கும் கிடைக்கவில்லை. அப்பா வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வருவார். "நாம சொன்னபடி செஞ்சிட்டோம். கொடுக்காம இருக்க முடியாது," என்பார். ஏழாவது வருடம் இறந்தார்.

அன்று அந்தத் தாளை ஒரு கேள்வியாகப் படித்தேன். காலி செய்யாதவருக்கு வீடு இல்லை. அப்பா காலி செய்தார். ஆகவே அப்பாவுக்கு வீடு உண்டு. இந்த முடிவு சரியா?

அக்காவிடம் காட்டினேன். அவர் நின்றுகொண்டே கேட்டார். நான் சொல்லி முடித்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பொய் சொல்லிட்டாங்களா தம்பி?"

"இல்லக்கா. தாள்ல பொய் இல்ல."

"உனக்குக் கோவம் வரலியா?"

வந்தது. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. வீடு நிச்சயம் என்று வாயால் சொன்னவர்கள் இருந்தார்கள். வாயால் சொன்னது தாளில் இல்லை. அன்று அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருவராவது நின்று நிதானமாக, "காலி பண்ணுனா குடுப்பீங்களா? அத எழுதிக் குடுங்க," என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்கும் ஆளாக வேண்டும் என்றுதான் சட்டம் படிக்க நினைத்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். விண்ணப்பத்தில் பெயர் கொடுத்தபோது எனக்கு அது தெரியாது. இன்னொரு வேலை மாறுவதுபோல்தான் பெயர் கொடுத்தேன். அன்றைக்குப் பிறகுதான் அந்தத் தேர்வில் எப்படியும் தேற வேண்டும் என்று ஆனது.

தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் அந்த மாதிரி படிக்கத் தொடங்கினேன். பஸ் நிலைய அறிவிப்பு, மருந்துப் போத்தலின் பின்பக்கம், தலைமுடி எண்ணெய் விளம்பரம் எதையும் விடவில்லை. எழுதியிருப்பது எது, நானாகச் சேர்த்துக்கொண்டது எது என்று பிரிப்பேன். சேர்த்ததைத் தூக்கிப் போடுவேன். விடை இல்லாத பின்பாதிக் கேள்விகளையும் போட்டு முடித்தேன். விடை பார்த்துச் சரிசெய்ய வழியில்லாததால் ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று எழுதி வைத்தேன். குமாஸ்தாப் பெண் வரும்போது பார்த்துச் சொல்லுவார். பத்துக்கு எட்டு சரி என்றார்.

அக்காவுக்கு எரிச்சல் ஏறிக்கொண்டு வந்தது.

"சீனி இருக்கான்னு ஒரு அம்மா கேட்டுச்சு. இவன் இருக்குன்னு சொல்லிட்டு நிக்கறான். எடுத்துக் குடுக்கணும்ல?"

"இருக்கான்னுதானே கேட்டாங்க?"

"கேட்டாங்களாம்! பசியாறிட்டியான்னு கேட்டா மட்டும் நீயே தட்ட எடுத்துக்கிட்டு வர்றியே, அது எந்தத் தாள்ல இருக்கு?"

நான் சிரித்தேன். சீனி இருக்கா என்பதும் பசியாறிட்டியா என்பதும் ஒரே மாதிரிக் கேள்விதான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தேர்வுக்கு ஆறு நாள் இருந்தபோது அது நடந்தது. காலை எட்டரை மணி. அக்கா பின்னால் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். வாடிக்கையாக வரும் வேறொரு அக்கா கடைக்குள் வந்தார். அவர் கணவர் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியவர். காவலுக்கு இருந்த காலத்திலிருந்து எனக்கு அவரைத் தெரியும். வாசலில் நிறுத்திப் பேசுவார். வாரம் ஒருமுறை அந்த அக்கா வந்து ஓமமும் பாசிப்பருப்பும் வாங்குவார்.

"நல்லெண்ணெய் சின்னப் போத்தல் ஒண்ணு தம்பி. சீயக்காய். ஒரு மண்சட்டி."

கல்லா மேசையில் கேள்வித்தாள் விரிந்து கிடந்தது. எண்ணெயும் சீயக்காயும் தலைக்குக் குளிக்க என்று எடுத்தேன். மண்சட்டி மீன் குழம்புக்கு இருக்கலாம். மூன்றும் சேர்ந்து வந்ததால் எதுவும் முடிவாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. சாவு வீடோ என்ற நினைப்பு சட்டென்று வந்தது, சட்டென்று அதைத் தள்ளினேன். தள்ள முடிந்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மூன்றையும் ரோஸ் நிறப் பையில் போட்டேன்.

"வேறக்கா?"

அவர் பையையே பார்த்தார். "வேற... நீங்களே போடுங்க தம்பி."

"என்னென்னன்னு சொன்னீங்கன்னா எடுத்துத் தர்றேன்க்கா."

அவர் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"அவரு போயிட்டாரு," என்றார். "காலையில, அஞ்சு மணிக்கு."

சொன்ன பிறகு அவர் முகம் மாறியது. அந்தச் சொற்களை அவரே அப்போதுதான் கேட்டதுபோல் இருந்தது. மருத்துவமனைக்கும் சொந்தக்காரர்களுக்கும் மகன்தான் போன் போட்டிருந்தான், அவர் அதுவரை யாரிடமும் வாய்திறந்து சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. முதலில் என்னிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதுவும் ரோஸ் நிறப் பையைப் பார்த்துக்கொண்டு.

முதலாளி அக்கா பின்னாலிருந்து வந்தார். எதுவும் கேட்கவில்லை. பையிலிருந்த மூன்றையும் வெளியே எடுத்தார். செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். துணி, அரிசி, பொரி. வெள்ளை நூலால் கட்டினார். மேசையைச் சுற்றிப் போய், கட்டைக் கையில் கொடுத்து, வாசல்வரை கூடவே நடந்தார். நான் நின்ற இடத்தில் நின்றேன்.

திரும்பி வந்த அக்கா கேள்வித்தாளை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"நீ பாஸ் பண்ணிடுவ," என்றார்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மறுநாள் சாவு வீட்டுக்கு அவர் போனார். கடையை நான் பார்த்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மூன்றாம் நாள் காலை பையைக் கட்டினேன். ஜொகூரில் பழைய மேஸ்திரி ஒருவர் ஆள் தேடுவதாகச் செய்தி அனுப்பியிருந்தார். கேள்விப் புத்தகத்தைக் குமாஸ்தாப் பெண்ணிடம் கொடுத்துவிடச் சொல்லி மேசையில் வைத்தேன். அக்கா அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார். பையைப் பார்த்தார்.

"எங்க?"

"ஜொகூருக்குக்கா."

"பரிட்சை?"

"எழுதல. எழுதுனாலும் பாஸ் பண்ணுவேன்னு என்ன நிச்சயம்? பாஸ் பண்ணி அங்க போய், இங்க பண்ணுன மாதிரி இன்னும் எத்தன பேர வாய் திறந்து சொல்ல வைக்கப்போறேனோ."

அவர் கதவின் தாழ்ப்பாளை மாட்டிவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தார்.

"இங்க வா. ஒரு கேள்வி. பரிட்சை எழுதாத எவனும் பாஸ் பண்ண முடியாது. நீ எழுதற. அப்ப நீ பாஸ்?"

"இல்லக்கா. அப்படி ஆகாது."

"எழுதலேன்னா?"

"ஃபெயிலு."

"அது நிச்சயமா?"

"நிச்சயம்."

"அப்ப ஒண்ணு நிச்சயம், இன்னொண்ணு நிச்சயம் இல்ல. எத எடுப்ப?"

நான் பையை மறுதோளுக்கு மாற்றினேன்.

"எனக்கு இவ்வளவு காதுல விழுந்ததே அதிகம்லா. ஒங்கப்பா எதக் கேக்காம விட்டாரோ, அதக் கேக்கற எடம் அது. அங்க போய்க் கேளு. எழுதி வாங்கு. இங்க வந்தா வாய மூடிக்கிட்டு எடுத்து வை. ரெண்டு எடத்துக்கும் ஒரே ஆளுதான் போகணும், வேற ஆள எங்க போய்த் தேடறது? பைய உள்ள வை. பருப்பு மூட்ட வருது."

பருப்பு மூட்டை உண்மையாகவே வந்தது. இறக்கினேன்.

தேர்வு அலோர் ஸ்டாரில். விடியற்காலை பஸ்ஸில் போனேன். ஜெராய் மலையின் உச்சி மேகத்துக்குள் இருந்தது. நாற்பது பேர் இருந்த அறையில் என்னைவிட மூத்தவர் ஒருவர் மட்டும் இருந்தார். தர்க்கப் பகுதியில் அந்த வகைக் கேள்விகள் ஐந்து வந்தன. ஒன்று உரிமம் இல்லாத ஓட்டுநர்களைப் பற்றியது, ஒன்று சீருடை இல்லாத மாணவர்களைப் பற்றியது. வேறு வேறு ஆட்கள். ஐந்திலும் சாவியைக் கொடுத்துவிட்டு வரும் அப்பாவைப் பார்த்தேன். ஐந்திலும் இல்லை என்று குறித்தேன். மீனவர்கள் வரவில்லை. பறவைகள் வந்தன. எந்தப் பறவை என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்ததை விட்டுவிட்டேன். வரிசைக் கேள்வியில் எட்டுப் பேர். எழுதும் தாளின் ஓரத்தில் லோரி வரைந்தேன். நேரம் முடிந்தபோது இரண்டு கேள்விகள் மிச்சம் இருந்தன. அவற்றைக் கண்ணை மூடிக் குறித்தேன்.

ஒரு வாரத்தில் முடிவு போனில் வந்தது. தர்க்கப் பகுதியில் வேண்டிய புள்ளிக்கு மேல் இரண்டு. அதைப் பார்த்தபோது கடையில் ஆள் இருந்தது. போனை அப்படியே அக்காவின் முன்னால் வைத்தேன். அவருக்கு மலாய் எழுத்து மெதுவாகத்தான் வரும். வரிவரியாகப் படித்தார். முடித்துவிட்டு, "நேர்முகம்னு ஒண்ணு போட்டிருக்கே?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. அதுலயும் தேறணும்."

"அப்ப இன்னும் நிச்சயம் இல்ல."

"இல்ல."

"சரி. அந்த அம்மாவுக்கு எண்ணெய் எடுத்துக் குடு."

அதற்கு இரண்டு நாள் கழித்து, கணவரை இழந்த அந்த அக்கா வந்தார். பதினாறாம் நாள் கருமாதிக்கு முந்தின காலை. வெள்ளைச் சேலை கட்டவில்லை. வெளிர்நீலத்தில் ஏதோ ஒன்று. முதலாளி அக்கா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்.

"எள்ளு வேணும் தம்பி," என்றார்.

நான் எதுவும் கேட்கவில்லை. எள், தர்ப்பை, பச்சரிசி, நெய், வெற்றிலை பாக்கு, கற்பூரம், வேட்டி ஒன்று, துண்டு ஒன்று. படையலில் வைக்கும் பொருள்களையும் எடுத்து வைத்தேன். ஆம்பளைகள் படையலுக்கு எங்கள் கடையில் ஒரு சுருட்டுப் பெட்டியும் வைப்போம். தொழிற்சாலை வாசலில் அவர் எனக்கு ஒன்று நீட்டியது நினைவுக்கு வந்தது. பெட்டியை எடுத்து மேலே வைத்துச் செய்தித்தாளை மடித்தேன்.

அவர் விரலால் அதை ஒதுக்கினார்.

"இது வேணாம் தம்பி. அவரு விட்டுட்டாரு. மாத்திர சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து தொடல. ஒரு வருஷம் ஆச்சு."

"தெரியாதுக்கா."

"நீங்க எப்படித் தெரிஞ்சுக்குவீங்க, நீங்கதான் வேலைய விட்டுப் போயிட்டீங்களே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓமம் கொஞ்சம் போடுங்க. அது இல்லாம அவருக்குச் சோறு எறங்காது," என்றார்.

ஓமத்தை நிறுத்துப் போட்டேன். வெள்ளை நூலை எடுத்துக் கட்டினேன். முடிச்சுப் போடும்வரை அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ் பண்ணிட்டீங்களாமே. அக்கா வீட்டுக்கு வந்தப்ப சொன்னாங்க."

"பாதி பாஸ்க்கா. இன்னும் நேர்முகம் இருக்கு."

"அன்னைக்கு என்னைக் கேட்டீங்களே, அந்த மாதிரி அங்க உங்கள உட்கார வச்சுக் கேப்பாங்களா?"

"கேப்பாங்கக்கா."

"நல்லா கேக்கட்டும்," என்றார். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. கட்டை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினார். அவர் வரேன் என்று சொல்லவில்லை. நானும் வாங்க என்று சொல்லவில்லை.

அவர் சாலையைக் கடந்த பிறகு சுருட்டுப் பெட்டியை அலமாரியில் இருந்த இடத்தில் வைத்தேன். நேர்முகத்துக்கு அப்பாவின் தாளை எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே மேசையில் சிந்தியிருந்த எள்ளைத் துடைத்தேன். ஏன் சட்டம் படிக்க வருகிறீர்கள் என்று கேட்பார்களாம். தாளைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் அவர்களைப் படிக்கச் சொல்லலாம். பிறகு, இதை வாங்கியவர் வீட்டைக் கழுவிவிட்டுச் சாவியைக் கொடுத்தார் என்று சொல்ல வேண்டும். அது தாளில் இல்லை.